மலையடிவாரத்தில் ஐந்து நாள்

லண்டாவ், ஜெர்மனி

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். உங்கள் இருவரின் நலத்தையும் அறிய ஆவல். புரட்டாதி கடைசியில் வந்து இங்கே நடைப்பயணம் போவதற்கு நீ தயாரித்து அனுப்பிய திட்டத்தை இரண்டு முறை வாசித்தேன். வைன்ஸ்டைக் பாதையை பொக்கன்ஹைமில் தொடங்கி ஷ்வைகன் வரை, ஏறக்குறைய 170 கிலோமீட்டரையும், நீயும் மருமகனும் ஏழே நாளில் நடந்து முடிப்பதாக அதில் இருக்கிறது. மலையேறிப் பழகிய இந்த ஊர்க்காரரே அந்தப் பாதையைப் பதினொரு நாளுக்குப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பதையும், ரொறன்ரோவில் நீங்கள் நடப்பதெல்லாம் சமதரையில் என்பதையும் யோசித்துப் பார். வடக்குப் பாதியை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். நொய்ஸ்டட்டில் தொடங்கித் தெற்கு நோக்கி ஐந்து நாள் நடந்தால் போதும். உங்கள் முழங்கால் அதற்கு ஒரு காரணம், மற்றக் காரணம் என்னுடையது.

நீ இங்கேயே பிறந்து வளர்ந்தவள் என்றாலும் இந்த மலையை நான் உனக்குக் காட்டியதில்லை. பள்ளிக்கூடத்தோடு ஒரு தடவை ட்ரீஃபெல்ஸ் கோட்டைக்குப் போய் வந்தாய், அவ்வளவுதான். இரவில் உணவகச் சமையலறை, சனிக்கிழமை உனக்குத் தமிழ்ப் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை நித்திரை என்று என் வருடங்கள் போய்விட்டன. ஓய்வு பெற்ற பிறகு, சலரோகத்துக்கு நட என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் நானும் அம்மாவும் நடக்கத் தொடங்கினோம்.

நீங்கள் நடக்கப் போவது ஒரு விளிம்பின் மேல். கிழக்கே ரைன் நதியின் சமவெளி, மேற்கே ஃபெல்சர்வால்ட் காடு. இடையில் மலை சட்டென்று எழும்பும் இடத்தில், சரிவின் அடியில் திராட்சைத் தோட்டமும், அதற்கு மேலே கஷ்கொட்டை மரங்களும், இன்னும் மேலே பைனும் பீச்சும் நிற்கின்றன. கஷ்கொட்டை அங்கே தற்செயலாக வளரவில்லை. அந்த மரம் ஈரத்தில் எளிதில் உக்காது என்பதால், திராட்சைக் கொடியைத் தாங்கும் கம்புகளுக்காகத் தோட்டத்துக்கு மேலேயே அதை நட்டு வளர்த்தார்கள். இன்று கம்பிக்கும் இரும்புக் கம்பத்துக்கும் மாறிவிட்டார்கள், மரங்கள் மட்டும் நிற்கின்றன. ஐப்பசியில் முள்ளுக் கூடு வெடித்துப் பாதையெல்லாம் விழுந்து கிடக்கும். அம்மா அவற்றைப் பொறுக்கி வந்து பனங்கிழங்கு அவிப்பதைப் போல உப்புப் போட்டு அவிப்பாள். நீங்கள் வரும்போது முதற் கொட்டைகள் விழத் தொடங்கியிருக்கும்.

முதல் நாள் நொய்ஸ்டட் நிலையத்திலிருந்து ஹம்பாக் கோட்டைக்கு ஏறுங்கள். 1832 மே 27 அன்று, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கறுப்பு, சிவப்பு, பொன் நிறக் கொடியோடு அந்த மலையில் நடந்து ஏறிப் பத்திரிகைச் சுதந்திரத்தையும் ஒன்றுபட்ட ஜெர்மனியையும் கேட்டார்கள் என்பதை நீ பள்ளியில் படித்திருப்பாய். நீ படித்திராத ஒன்றைச் சொல்கிறேன். 1985 இல் கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்த என்னை, மைகம்மருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அகதிகளுக்கான வீட்டில் வைத்திருந்தார்கள். தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வரும்வரை, தனக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு ஒருவர் எழுத்தில் அனுமதி பெறாமல் வெளியே போகக்கூடாது என்பது அந்தக் காலச் சட்டம். முதல் தடவை பிடிபட்டால் அபராதம், மறுபடி பிடிபட்டால் வழக்கு. வேலை செய்யவும் அனுமதி இல்லாததால், பகல் முழுவதும் திராட்சைத் தோட்டங்களுக்கிடையில் நடப்பதுதான் எங்கள் தொழிலாக இருந்தது. தோட்டத்தில் நின்று நிமிர்ந்தால் ஹம்பாக் கோட்டை தெரியும். ஒரு மணி நேர நடைதான். ஆனால் அது நொய்ஸ்டட் நகரத்தின் நிலம், நாங்கள் தெற்கு மாவட்டத்து ஆட்கள். எந்தத் தோட்ட வரிசையோடு எங்கள் மாவட்டம் முடிகிறது என்று சரியாகத் தெரியாததால், முடிவதற்கு வெகு முன்னாலேயே திரும்பிவிடுவோம்.

போன வருடம் அம்மாவும் நானும் கோட்டையிலிருந்து மைகம்மர்ப் பக்கமாக இறங்கியபோது அந்த இடத்தைத் தேடினேன். ஒரு பலகைகூட இல்லை. அம்மா என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள், கண்ணாடி உறையைத் தவறவிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கோட்டையிலிருந்து காட்டுக்குள் புகுந்தால் கால்மிட் வருகிறது. 673 மீட்டர், இந்தக் காட்டிலேயே அதுதான் உயரம். உண்மையைச் சொன்னால், மேலே கொடிக்கம்பமும் கூட்டமும்தான். பார்த்துவிட்டு சாங்க்ட் மார்ட்டின் கிராமத்துக்கு இறங்கிப் படுங்கள். இரண்டாம் நாள் ரீட்பூர்க் கோட்டை இடிபாட்டு வழியாக புர்வைலருக்குப் போகும்போது, ஊருக்கு மேலே புனித அன்னம்மாள் சிற்றாலயத்தில் கொஞ்சம் இருங்கள். எங்கள் இலங்கையில் தலவிலில் இருக்கும் அதே அன்னம்மாள்தான். அம்மா அங்கே மெழுகுவர்த்தி கொளுத்தாமல் வருவதில்லை.

சாப்பாட்டை முன்னரே யோசித்து வையுங்கள். 1902 இல் தொடங்கிய ஃபெல்சர்வால்ட் சங்கத்தின் குடில்கள் காடு முழுக்க இருக்கின்றன. அவற்றில் பலவற்றைத் தொண்டர்களே நடத்துகிறார்கள் என்பதால் சனி, ஞாயிறும் பெரும்பாலும் புதன்கிழமையும்தான் திறந்திருக்கும். திங்கட்கிழமை மதியம் குடிலை நம்பிப் போனால் பூட்டைத்தான் பார்ப்பீர்கள். அந்த நாளுக்குப் பாணும் சீஸும் பையில் இருக்கட்டும். திறந்திருக்கும் நாளில் வரிசையில் நின்று தட்டை வாங்கிக்கொண்டு, நீள வாங்கில் முன்பின் தெரியாதவர்களோடு நெருக்கி உட்கார வேண்டும். மருமகன் இறைச்சி தின்பவர் என்றால் ஸௌமாகன் வாங்கட்டும், பன்றி இரைப்பைக்குள் உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடைத்தது. உனக்கு டம்ப்ஃப்நூடல் பிடிக்கும். அடியில் உப்புப் பொருக்கும் மேலே பஞ்சுமாக இருக்கும் அந்த அவித்த பணிஸைக் கத்தியால் வெட்டாதே, கையால் பிய்த்துத் தின். ஷோர்லே என்று குழி குழியான அரை லீட்டர்க் கண்ணாடிக் குவளையில் தருவார்கள். சோடா கலந்த வைன் என்று பெயர், இந்தப் பக்கத்தில் சோடா பெயருக்குத்தான். மதியத் தாகத்துக்கு அதைக் குடித்தவனின் கால், பின்னேரம் இறக்கத்தில் அவன் சொல் கேட்காது. திராட்சைச் சாற்றிலும் அதே ஷோர்லே உண்டு, அதைக் கேளுங்கள்.

மூன்றாம் நாள் அன்வைலரில் தங்கி, நான்காம் நாள் காலை ட்ரீஃபெல்ஸுக்கு ஏறுங்கள். புனித ரோமப் பேரரசரின் முடியும் செங்கோலும் ஒரு காலம் அங்கே இருந்தன, 1193 இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் மன்னரைச் சிறை வைத்ததும் அங்கேதான். இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது நகல், அசல் வியன்னாவில். எனக்கு அந்தக் கோட்டை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அதன் மண்டபத்தின் பெரும்பகுதி 1938 இல் நாஸிகள் தங்கள் பெருமைக்காகக் கட்டத் தொடங்கியது, பழைய கல்லையும் புதிய கல்லையும் பிரித்தறிய முடியாதபடி செய்துவிட்டார்கள். அதற்குத் தெற்கே இருக்கும் மாடன்பூர்க் இடிபாடு எனக்கு உயர்வு. கூரையில்லாத செங்கல்நிற மணற்கல் சுவரில் சாய்ந்துகொண்டு, சமவெளிக்கு அப்பால் கறுப்புக்காட்டு மலைவரை பார்க்கலாம். அங்கே ஒரு மணி நேரமாவது இருங்கள், அவசரப்பட்டுக் கிளிங்கன்மியூன்ஸ்டருக்கு ஓட வேண்டாம்.

பைகளை ஊருக்கு ஊர் வண்டியில் அனுப்பும் ஏற்பாட்டைப் பற்றி வெட்கப்பட்டு எழுதியிருந்தாய். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் சப்பாத்தை இங்கே வந்து வாங்காதே, இப்போதே வாங்கி மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகு. ஒவ்வொரு மாலையும் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி இருக்கிறதா என்று ஒருவரையொருவர் பாருங்கள், இந்தக் காட்டு உண்ணியால் நோய் வரும். புது வைன் விற்கும் காலம் அது. நொதித்துக்கொண்டே இருப்பதால் அந்தப் போத்தலை இறுக்கி மூட மாட்டார்கள். அது தெரியாமல் நான் அதைப் பைக்குள் படுக்க வைத்துக் கொண்டுபோய், மூன்று நாள் உடுப்பும் அம்மாவின் கம்பளிச் சட்டையும் புளித்து நாறின. பேருந்தில் எங்களுக்குப் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை.

ஐந்தாம் நாள் பாட் பெர்க்ஸாபர்னிலிருந்து டோரன்பாக் வழியாக ஷ்வைகனுக்கு நடக்கும்போது நாங்களும் சேர்ந்துகொள்கிறோம். 1936 இல் கட்டிய வைன் வாசல் என்ற பெரிய கல் வாயிலோடு உன் திட்டம் முடிகிறது. அங்கே நின்றுவிடாமல் திராட்சைத் தோட்டங்களின் ஊடாக இன்னும் முக்கால் மணி நேரம் நடந்தால் விசம்பூர்க், பிரான்ஸ். ஷ்வைகன்காரரின் தோட்டங்களில் ஒரு பகுதியே பிரான்ஸ் மண்ணில்தான் இருக்கிறது, எந்த வரிசையில் நாடு மாறுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. இந்தத் தடவை எனக்கும் தெரிய வேண்டாம், உன்னோடு பேசிக்கொண்டு நடக்கலாம் என்று இருக்கிறேன். அங்கே கோப்பி குடித்துவிட்டுப் பின்னேர ரயிலில் லண்டாவுக்குத் திரும்பினால் இரவுக்குப் புட்டு அவிக்க அம்மாவுக்கு நேரம் இருக்கும்.

உங்கள் கடவுச்சீட்டுகளைப் பெட்டியோடு வண்டியில் அனுப்பிவிடாமல் கையில் வைத்திருங்கள். பெரும்பாலும் ஒருவரும் கேட்பதில்லை. நான் இன்னும் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் பூட்டிக்கொண்டுதான் காட்டுக்குப் போகிறேன்.

அன்புடன்,
அப்பா