ஆக்கர் கடைக்கு ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க: குமரி மாவட்டத்து பழைய பிக்கப்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

நாகர்கோவில்ல இருந்து களியக்காவிளை வரைக்கும், அந்தப் பக்கம் குலசேகரம், கீரிப்பாறை மலையடிவாரம் வரைக்கும், பழைய மகிந்திரா பிக்கப்பு, டாடா 207, 407, மெட்டடோர்னு ஏதாவது ஒண்ண வீட்டு முத்தத்துல நிப்பாட்டிட்டு ஞாயித்துக்கிழமை முழுக்க அதுக்கு அடியில படுத்துக் கெடக்குற எல்லாருக்கும் சேத்துதான் இத எழுதுறேன். கேக்கப் போறது ஒரே விஷயம். வண்டியில இருந்து கழட்டுன சாமான ஆக்கர் கடையில, அதாவது பழைய இரும்புக் கடையில, எடைக்குப் போடாதீங்க.

நம்ம பேச்சு எப்படிப் போகும்னு உங்களுக்கே தெரியும். ஒருத்தர் பழைய ஸ்டீரிங்கக் கழட்டிட்டு பவர் ஸ்டீரிங் வச்ச போட்டோ போடுவாரு, எல்லாரும் சூப்பர் மக்கா, எவ்வளவு ஆச்சு, எந்த பட்டறைன்னு கேப்போம், அப்போ யாராவது பழைய ஸ்டீரிங் பாக்ஸ் எங்க கெடக்குன்னு கேட்டா அது அப்பவே ஆக்கர்காரர் கொண்டு போயிட்டாருன்னு பதில் வரும். கொஞ்ச நாள் கழிச்சு வேற ஒருத்தர் அதே பாக்ஸக் கேட்டு வருவாரு, நாமளும் திருநெல்வேலி, மதுரை, சென்னை புதுப்பேட்டை வரைக்கும் ஆள் வச்சுத் தேடுவோம், கெடச்சா அது தேஞ்சு போனதா இருக்கும், இல்லன்னா வண்டி அப்படியே நிக்கும். அஞ்சாறு கிலோமீட்டர் தள்ளி நல்ல நெலமையில இருந்த சாமான் உருக்குக்குப் போயிருக்கும், அத நெனச்சாத்தான் எனக்கு ஆத்தாமை தாங்கல.

முன்னாடி இது இவ்வளவு பெரிய விஷயமா இல்ல, ஏன்னா சாமான் வாறதுக்கு ஒரு வழி இருந்துச்சு. அரசாங்க டிபார்ட்மென்ட் ஜீப்பும் பிக்கப்பும் கண்டம் பண்ணி, அதாவது இனி ஓட்டத்துக்கு ஆகாதுன்னு கழிச்சு, ஏலத்துக்கு வரும், நாலு பேர் சேந்து எடுத்து இன்ஜின் ஒருத்தர், அச்சு ஒருத்தர், பாடி ஒருத்தர்னு பிரிச்சுக்கிடுவாவ. 2023 ஏப்ரல் 1ல இருந்து 15 வருஷம் தாண்டுன அரசு வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்கக் கூடாது, பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்துக்குத்தான் போகணும்னு மத்திய அரசு விதி கொண்டு வந்துட்டு. புகை கக்குற வண்டி ரோட்ட விட்டுப் போகட்டும், அதுல எனக்கு ஒண்ணும் சண்டை இல்ல. ஆனா நம்ம கைக்கு சாமான் வந்த பெரிய வாசல் அதோட அடைஞ்சு போச்சு.

அடுத்தது ஃபீஸு. 15 வயசு தாண்டுன ஜீப்பு காரு மாதிரி நாலு சக்கர வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்க 600 ரூபா இருந்தது 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு, 2025 ஆகஸ்ட்ல 20 வயசு தாண்டுனதுக்கு 10,000ன்னு ஆக்கிட்டாவ. லோடு வண்டியா பதிவு பண்ணுனதுன்னா எட்டு வருஷத்துக்குப் பிறகு வருஷா வருஷம் எஃப்சி காட்டணும், அதுக்கு பெயின்ட், டிங்கரிங், டயருன்னு செலவு தனி. அப்பா ஓட்டுன வண்டின்னு தென்னை மூட்டுல நிப்பாட்டி வச்சிருந்த குடும்பங்க கூட இப்ப போதும்னு விக்குறாவ. வின்டேஜ்னு பதிவு பண்ணிக்கிடலாமேன்னு சில தம்பிமார் கேக்குறிய. 2021ல வந்த அந்த விதி முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டுன, தொழிலுக்கு ஓட்டாத வண்டிக்கு மட்டும்தான். 1988ல டெல்கோ (டாடா மோட்டார்ஸோட பழைய பேரு) இறக்குன டாடாமொபைல் வழி வந்ததுதான் நம்ம 207, அந்த முதல் வருஷத்து வண்டிக்கே 50 ஆக 2038 ஆகணும். அது வரைக்கும் நம்ம வண்டிங்க நிக்கணும்னா நம்ம ஷெட்டுல கெடக்குற சாமான்தான் கதி.

சரி, எத வைக்கணும் எதத் தூரப் போடணும். எல்லாத்தையும் வைக்கச் சொல்லல, வீட்டுல அம்மாமாரு சத்தம் போடுறது எனக்கும் கேக்குது.

லேத் பட்டறையில செய்ய முடியாதத வைங்க. வார்ப்புல வந்த சாமான் எல்லாம் இதுல வரும்: கியர் பாக்ஸ் கூடு, கிளட்ச மூடுற பெல் ஹவுசிங், அச்சு நடுவுல உள்ள டிஃபரென்ஷியல் ஹவுசிங், இன்ஜின் புகையக் குழாய்க்குக் கொண்டு போற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ஸ்டீரிங் பாக்ஸ், வீல் டிரம்மு. புஷ்ஷு, பின்னு, ஷாக்கிள், ஏன் ஒரு ஷாஃப்ட் கூட நம்ம ஊரு லேத் அண்ணாச்சிமாரு கடைஞ்சு தந்துருவாவ, ஆனா வெடிச்ச பெல் ஹவுசிங்கக் கொண்டு போனா அவியளும் வெல்டிங்தான் வைக்கணும், அந்த வெல்டிங் எத்தன நாளு நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. பாடியில பின்கதவு, கதவு கீலு, டேஷ்போர்டு தகடு, முன் கிரில்லு. தகடு அடிக்க ஆள் உண்டும், ஆனா சரியான வளைவு வேணும்னா பழைய தகடு ஒண்ணு கையில இருக்கணும், துருப்பிடிச்சாலும் அளவுக்கு உதவும்.

டிஃபரென்ஷியலுக்குள்ள இருக்குற பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் பத்தி தனியாவே சொல்லணும், ஏன்னா இதுலதான் ரொம்ப பேரு கெடுக்குறாவ. கிரவுனும் பினியனும் ஃபேக்டரியிலயே ஒண்ணோட ஒண்ணு ஒரசி ஜோடி சேத்தது. பினியன் மட்டும் நல்லா இருக்குன்னு அத வச்சுக்கிட்டு கிரவுன எடைக்குப் போட்டா ரெண்டும் போச்சுன்னு வைங்க, வேற ஜோடியோட சேத்தா ஊளையிடும், அப்புறம் பல்லத் திங்கும். ரெண்டையும் ஒரே கம்பியில கட்டி, பல்லு எண்ணிக்கைய ஒரு தகட்டுல எழுதித் தொங்க விடுங்க. வில்லிஸ் காலத்து ஜீப் அச்சுல 43க்கு 8 (கிரவுன்ல 43 பல்லு, பினியன்ல 8), அதாவது 5.38 ரேஷியோ, நெறைய பாத்திருப்பிய. ஃபோர் வீல் வண்டின்னா முன் அச்சும் பின் அச்சும் ஒரே ரேஷியோவா இருந்தே ஆகணும், அதனால எண்ணாம யாருக்கும் குடுக்காதீங்க, எண்ணாம வாங்கவும் செய்யாதீங்க. இன்ஜின்ல கிராங்க் ஷாஃப்ட்டப் பிடிக்குற மெயின் பேரிங் கேப்பும் இதே கதைதான், இன்ஜின் பிளாக்கோட சேத்து துளை போட்டது, பிளாக்க விட்டுப் பிரிச்சா அதுக்கு மதிப்பு இல்ல. கியர் பாக்ஸுக்கும் அச்சுக்கும் நடுவுல சுத்துற ஜாயின்ட் ஷாஃப்ட் கழட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஒரு கோடு போட்டுக்கிடுங்க, மாத்திப் பூட்டுனா வண்டி முழுக்க உதறும்.

இன்ஜின் சாமான் கேக்கும்போது மாடல் பேரு மட்டும் சொல்லாம இன்ஜின் பேரையும் சொன்னா பாதித் தேடல் கொறையும். மகிந்திராவுல பீஜோ லைசென்ஸ்ல வந்த எக்ஸ்டிபி 4.90ன்னா 4 சிலிண்டர், 90 மில்லி போர் (சிலிண்டர் துளையோட அகலம்), 2,112 சிசி. டாடா 483ன்னா 4 சிலிண்டர், 83 மில்லி, 1,948 சிசி. 407லயும் 207 டிஐயிலயும் வாற 497ன்னா 97 மில்லி, 2,956 சிசி. இது தெரிஞ்சா பழைய 207க்காரரு சியரா, ஆரம்ப கால சுமோ பக்கமும் தேடலாம்னு புரியும், ஏன்னா அதுலயும் அதே 1,948 சிசிதான். மெட்டடோர்காரங்க டிராக்ஸ், டிராவலர் பக்கம் பாருங்க, அந்த மெர்சிடிஸ் ஓஎம் 616 அங்கயும் உண்டும். மவுன்டிங், சம்ப் (அடியில ஆயில் நிக்குற தொட்டி) எல்லாம் வண்டிக்கு வண்டி மாறும், அத அளந்துதான் எடுக்கணும்.

இனி தூரப் போட வேண்டியது. பிரேக் ரப்பர், பிரேக் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் கிட்டு, இதெல்லாம் ஒருத்தருக்கும் குடுக்காதீங்க, ஓசிக்குக் கூட குடுக்காதீங்க. நம்ம பழைய ஜீப்புல நெறைய வண்டிக்கு சிங்கிள் சர்க்யூட் பிரேக்கு, ஒரு வீல்ல ஹோஸ் விட்டுச்சுன்னா நாலு வீல்லயும் பிரேக் இல்ல. மலை எறக்கத்துல லோடோட வாறப்போ அது நடந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர் கூடு நல்லா இருந்தா அத வைங்க, உள்ள ஸ்லீவ் போட்டுக்கிடலாம், கிட்டு எப்பவும் புதுசு. பழைய பிரேக் லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், டிரம்மக் கழட்டுன உடனே கம்ப்ரஸர் காத்து அடிச்சு ஊதுற பழக்கத்த தயவு செஞ்சு விட்டுருங்க, தண்ணி தெளிச்சு நனைச்சுத் தொடச்சு எடுங்க. பட்டறையில சின்னப் பையமாரு நிப்பாவ, அவியளுக்காகவாவது.

ரப்பர்ல ஒரு விலக்கு உண்டும். கதவு ஓரத்து ரப்பர் பீடிங், கேபின் மவுன்ட், இன்ஜின் மவுன்ட் இதுல ஒவ்வொண்ணு சாம்பிளுக்கு வச்சுக்கிடுங்க. ரப்பர் வெளையுற மாவட்டத்துல இருந்துக்கிட்டு பீடிங் கெடைக்கலன்னு நாம பொலம்புறது எனக்கு சரியாப் படல, சாம்பிள் இருந்தா அச்சு செஞ்சு நாலஞ்சு பேருக்கு சேத்து ஊத்திக்கிடலாம். ஆனா டீசலும் ஆயிலும் படுற எடத்துக்கு நம்ம மரத்து ரப்பர் ஆகாது, ஊதிப் போகும், அங்க நைட்ரைல் ரப்பர்தான் கேட்டு வாங்கணும்.

வைக்குறதுன்னா அப்படியே மூலையில போடுறது இல்ல. நம்ம ஊருல தென்மேற்கும் பெய்யும் வடகிழக்கும் பெய்யும், மீதி நாள்ல உப்புக் காத்து. கொளச்சல், முட்டம், சின்னமுட்டம் பக்கம் மீன் லோடு அடிச்ச வண்டியோட சேஸிஸப் பாத்தவங்களுக்குத் தெரியும், ஐஸ் உருகுன உப்புத் தண்ணி வடிஞ்சு வடிஞ்சு குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதனால சாமான மண்ணெண்ணெயிலயோ டீசல்லயோ கழுவி, நல்லாக் காய வச்சு, புது கிரீஸ் தடவி, ஆயில் துணியில சுத்திட்டு வைங்க. வெறும் பிளாஸ்டிக் கவர்ல கட்டி வச்சா உள்ள வேர்த்து இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். சிமென்ட் தரையில வைக்காம பலகை மேல வைங்க, கிராங்க் ஷாஃப்ட்ட நட்டமா நிப்பாட்டி சுவரோட கட்டுங்க. எந்த வண்டி, எந்த வருஷம், யாரு கழட்டுனதுன்னு ஒரு தகட்டுல குத்தி கம்பியில கட்டுங்க, மார்க்கர் எழுத்து ஒரு மழைக்காலம் தாண்டாது.

சட்ட விஷயமும் பாத்துக்கிடணும். முழு வண்டியப் பிரிச்சா அந்த ஆர்சிய கேன்சல் பண்ணணும், மோட்டார் வாகனச் சட்டம் 55வது பிரிவு பிரகாரம் 14 நாளுக்குள்ள தகவல் குடுக்கணும். சேஸிஸ் நம்பர் இருக்குற துண்ட வெட்டி யாருக்கும் குடுக்காதீங்க, யார் கேட்டாலும், எவ்வளவு பழக்கமா இருந்தாலும். இன்ஜின் குடுத்தா நம்பரோட எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைங்க. கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுன்னு 2019ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு, அதனால மாத்துனவங்க நாளைக்கு ஒரிஜினலுக்குத் திரும்ப வேண்டிய நெலமை வந்தாலும் வரலாம், அன்னைக்கு கழட்டிப் போட்ட அந்த பழைய பாக்ஸத்தான் தேடுவிய.

எடம் இல்ல, அதனாலதான் போட்டேன்னு நெறைய பேர் சொல்லுவாவ, அது நியாயம்தான். அதுக்குத்தான் ஒரு ஏற்பாடு சொல்லுறேன். தக்கலைப் பக்கம் என் ஷெட்டுல ஒரு சுவரு முழுக்க சாமான் அடுக்க ராக் அடிச்சாச்சு. மார்த்தாண்டம் பக்கம் ஒருத்தரும் தோவாளைப் பக்கம் ஒருத்தரும் இதே மாதிரி எடம் தந்தா போதும், மாவட்டத்துல எந்த மூலையில இருந்தும் கொண்டு வந்து சேத்துரலாம். ஆக்கர்காரர் அன்னைக்கு என்ன ரேட்டு குடுப்பாரோ அத நாங்களே தாறோம், சாமான் தேவைப்படுறவங்க அதே ரேட்டும் வண்டிக் கூலியும் குடுத்து எடுத்துக்கிடட்டும். யாரும் இதுல லாபம் பாக்கக் கூடாது, இதுல நான் கறாரா இருப்பேன், ஏன்னா ஒருத்தர் ஒரு கிரில்லுக்கு வாய்க்கு வந்த வெல சொன்னா அடுத்த நாள்ல இருந்து எல்லாரும் பதுக்கத் தொடங்கிருவாவ. ஆக்கர் கடை அண்ணாச்சிமாரும் நமக்கு எதிரி இல்ல, பழைய ஜீப்போ 207ஓ முழுசா வந்தா கட்டர் வைக்குறதுக்கு முன்னாடி ஒரு போன் போடச் சொல்லி நம்பர் குடுத்து வைங்க, நான் கேட்ட எல்லாரும் சரின்னுதான் சொன்னாவ.

வீட்டுல வண்டி சும்மா நிக்குற பெரியவங்ககிட்டயும் பேசுங்க. வாழைக்குலையும் ரப்பர் ஷீட்டும் ஏத்தி புள்ளையளப் படிக்க வச்ச வண்டின்னு அவியளுக்கு அது மேல ஒரு பிரியம் இருக்கும், உடைக்கக் கேட்டா மனசு வராது, ஓட வைக்குறோம்னு சொல்லிக் கேட்டா குடுப்பாவ. ஓடுற நெலமைக்குக் கொண்டு வர முடியுற வண்டிய சாமானுக்காகப் பிரிக்க நான் துணை நிக்க மாட்டேன், இத இப்பவே சொல்லி வச்சிருதேன்.

இப்ப ஒடனே தேவைப்படுறது: குலசேகரத்துல ஒரு தம்பிக்கு எக்ஸ்டிபி 4.90 எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, வெடிப்பு இல்லாதது. திங்கள்சந்தைப் பக்கம் ஒரு அண்ணனுக்கு பழைய 207 பின்கதவு, கொண்டி இல்லன்னாலும் பரவால்ல. ராஜாக்கமங்கலத்துல 43க்கு 8 கிரவுன் பினியன், ஜோடியா மட்டும். யார்கிட்ட இருந்தாலும் போட்டோ எடுத்து, பக்கத்துல ஸ்கேல் வச்சு எடுத்து அனுப்புங்க, வாற ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு நானே வந்து ஏத்திக்கிடுறேன்.

இப்படிக்கு,
தக்கலைப் பக்கத்து டிஎன் 75 ஜீப்காரன்