சுன்னத்து முனை அல்ல, சிர்கோன்சிசியோன் முனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்துருவக் கடல் தீவுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையில், பூவே தீவின் வடமேற்குக் கோடியிலுள்ள நிலமுனையின் பெயர் 'சுன்னத்து முனை' என்று அச்சாகியிருந்தது. 'சிர்கோன்சிசியோன்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சுன்னத்து, அதாவது விருத்தசேதனம், என்றுதான் பொருள்; சொல்லுக்குச் சொல் பெயர்த்ததில் பிழையில்லை. ஆனால் இங்கே ரீயூனியன் தீவின் சேன் பியேரில் அதைப் படித்த நண்பர்கள், பாறையின் வடிவத்தால் வந்த பெயரா, அங்கே ஏதும் சடங்கு நடந்ததா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பெயர் ஒரு நாளைக் குறிக்கிறது. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் இரண்டு கப்பல்களோடு தெற்கே நிலம் தேடிப் போன பிரெஞ்சு மாலுமி பூவே, 1739 ஜனவரி 1 அன்று, மூடுபனிக்கு நடுவே பனி போர்த்திய உயரமான கரை ஒன்றைக் கண்டார். கிறிஸ்து பிறந்த எட்டாம் நாள் நடந்த விருத்தசேதனத்தைத் திருச்சபை அந்தத் தேதியில் திருநாளாகக் கொண்டாடிவந்தது; அதையே கரைக்குப் பெயராக இட்டார். கார்த்திகையில் பிறந்த பிள்ளைக்குக் கார்த்திகேயன் என்று பெயர் வைக்கும் நமக்கு இது புதிதல்ல. பல நாள் சுற்றியும் பனிமூட்டத்தால் கரையிறங்க முடியாத அவர், தான் கண்டது, தெற்கே இருப்பதாக அன்று கருதப்பட்ட பெருங்கண்டத்தின் ஒரு மூலை என்றே நம்பினார். தீவுக்கு முன்பே முனைக்குப் பெயர் வந்தது அப்படித்தான். (இதே பூவே 1748இல் பிரெஞ்சியர் வசமிருந்த சென்னையில் பணமும் படையாட்களும் இறக்கியவர், பின்னர் எங்கள் தீவுக்கே ஆளுநராகவும் இருந்தார்.)

ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக் பின்னாளில் அந்த முனையைத் தேடியும் காணாததால் அது 'இல்லாத நிலம்' என்று கருதப்பட்டதாகக் கட்டுரை சொல்கிறது. காரணத்தையும் சொல்லியிருக்கலாம். சூரியன் நிற்கும் உயரத்தைக் கொண்டு அட்சரேகையை அறிய முடிந்த அக்காலத்தில், தீர்க்கரேகைக்கு நம்பகமான கடிகாரம் வேண்டும். பூவேயிடம் அது இல்லை. அவர் குறித்த இடத்தில் குக் கண்டது வெறுங்கடல்தான். ஆகவே மிதக்கும் பனிமலையைப் பார்த்துப் பூவே ஏமாந்திருப்பார் என்று முடிவுகட்டினார். 1808இல் திமிங்கல வேட்டைக் கப்பல் ஒன்று தீவை மறுபடி கண்டது. 1898இல் வந்த ஜெர்மானியர்கள்தான் அதன் இடத்தைச் சரியாகக் குறித்தார்கள்.

தீவின் பரப்பு சுமார் 49 சதுர கிலோமீட்டர்; அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உறைபனி. பெயர் பூவே என்றாலும் அங்கே பூக்கும் செடி ஒன்றுகூடக் கிடையாது, பாசியும் பாறைப்பூஞ்சையும்தான்.

இன்னொரு திருத்தம். இங்குள்ள லெ போர் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு புறப்படும் 'மரியோன் துய்ஃப்ரேன்' கப்பல் பூவே தீவுக்குப் போவதில்லை. குரோசே, கெர்கேலன், ஆம்ஸ்டர்டாம் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளே அதன் வழி. பூவே தீவு தென் அட்லாண்டிக்கில் இருக்கிறது. 1928 முதல் நார்வேக்கு உரியது. அந்த நார்வேக்காரர்களும் தங்கள் வரைபடத்தில் முனையின் பிரெஞ்சுச் சொல்லை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

ரீயூனியனுக்கு வந்த எங்கள் தமிழ் முன்னோரின் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பதிந்ததில், ராமசாமி 'ரமசமி' ஆனார். ஆனாலும் ஒருவரும் அதை மொழிபெயர்க்கவில்லை, அதனால் மூலம் இன்னும் தெரிகிறது. ஆகவே அடுத்த முறை 'சிர்கோன்சிசியோன் முனை' என்றே அச்சிட்டு, பொருளை ஒரு வரியில் தந்தால் போதுமானது.

தங்கள் வாசகர்,
சேன் பியேர், ரீயூனியன்