செல்லதுரையின் கேள்விகள்

அன்புள்ள முருகேசனுக்கு,

நலம். கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணி உன் பொறுப்பில் வந்ததில் மகிழ்ச்சி. முழங்கால் வலியோடு மைதானத்தைச் சுற்றி ஓடாதே, நாற்காலி போட்டுக்கொள்.

"கண்டித்தால் அழுகிறார்கள், விட்டுக்கொடுத்தால் தலையில் ஏறி உட்காருகிறார்கள்" என்று எழுதியிருந்தாய். ஜான் வுடன் நினைவுக்கு வந்தார். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டங்கள் வென்ற பயிற்சியாளர். 1974-75 பருவத்தில் இரண்டு உளவியலாளர்கள் அவருடைய பயிற்சிகளில் உட்கார்ந்து, அவர் வாய் திறந்ததையெல்லாம் குறித்தார்கள். பாதி, இப்படிச் செய் அப்படிச் செய் என்ற அறிவுறுத்தல். பாராட்டு 7 சதவீதம்கூடத் தேறவில்லை! திட்டியதிலும் பாதிக்கு மேல், திட்டிய மூச்சிலேயே சரியான முறையையும் சொல்லியிருக்கிறார். திட்டு வாங்கியவனுக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிந்திருக்கிறது.

என் மகளும் அவளுடைய பயிற்சியாளர் கத்துவதைக் குறையாகச் சொல்வதில்லை. தவறு செய்தவளை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, காரணம் சொல்லாமல் நாள்கணக்கில் முகம் பாராமல் இருப்பதைச் சொல்லித்தான் புலம்புகிறாள். தூக்கம் கெட்டதும் அதில்தான்.

விளையாட்டு நிர்வாக ஆய்வாளர் பாக்கியநாதன் செல்லதுரை (பெயரே சொல்லும், நம்மவர்) 1980இல் சாலே என்பவருடன் சேர்ந்து, பயிற்சியாளர் எப்படி நடந்துகொள்கிறார் என்று வீரர்களிடமே கேட்டறிய ஒரு கேள்விப்பட்டியல் தந்தார். கற்றுக்கொடுப்பது, கலந்து முடிவெடுப்பது, தானே முடிவெடுப்பது, வீரரின் நலனில் அக்கறை, பாராட்டு என்று பயிற்சியாளரின் நடத்தையை ஐந்தாகப் பிரித்தார். வீரர் விரும்புவது ஒன்று, களத்தில் கிடைப்பது வேறு என்றாகும்போது மனநிறைவு குறைகிறது என்பது அவர் கருத்து.

ஆனால் நம் பிள்ளைகள் வாய் திறப்பார்களா? விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவளுக்கு சீட், விடுதிச் சலுகை, வருகைப் பதிவு எல்லாம் உன் கையெழுத்தில் தொங்குகின்றன. அமெரிக்காவிலும் பெரிய வித்தியாசமில்லை. ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் வீரர்கள்மேல் பந்தை எறிந்து வசைபாடியது நிர்வாகத்துக்கு 2012இலேயே தெரியும். மூன்று ஆட்டங்களுக்கு மட்டும் விலக்கிவைத்தார்கள். 2013இல் அதைக் காட்டும் காணொளி தொலைக்காட்சியில் வந்தபிறகுதான் வேலை போனது.

அதனால் அந்த ஐந்தையும் எளிய தமிழில் கேள்விகளாக்கி, பெயரில்லாமல் நிரப்பச் சொல். தாள்களை நீ வாங்காதே, நூலகரிடம் போடச் சொல். உன் முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டுவிடுவார்கள்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்