ஸ்டார் முத்திரையில் ஈரத்துக்கும் ஓர் இடம் தாருங்கள்

எரிசக்தித் திறன் பணியகத்தின் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் படுக்கையறையில் 2013 முதல் ஓடிக்கொண்டிருந்த ஒன்றரை டன் ஏசி இந்தக் கோடையில் கைவிட்டுவிட்டது. வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடும் தொலைவில் இருக்கிறது. பால்கனியில் மாட்டியிருந்த அவுட்டோர் யூனிட்டின் காயிலை மெக்கானிக் விரலால் அழுத்திக் காட்டியபோது, அதன் அலுமினியத் தகடுகள் பொரித்த அப்பளம்போல் உதிர்ந்தன. ஓட்டையை அடைத்து ஆர்-22 என்ற குளிரூட்டும் கேஸை நிரப்பினாலும் அடுத்த கோடை வரை தாங்காது, காசைக் கரியாக்காதீர்கள் என்று அவர் சொல்லிவிட்டதால், புதிது வாங்கக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியதாயிற்று. அங்கே பார்த்தவற்றிலிருந்து எழுந்ததே இந்த மடல்.

முதலில் நன்றி. 2006இல் நீங்கள் தொடங்கிய ஸ்டார் முத்திரை இல்லாவிட்டால், விற்பனையாளரின் வாய்ச்சொல்லைத் தவிர எங்களுக்கு வேறு பிடிமானம் கிடையாது. 2018இல் ஐஎஸ்இஇஆர் (பருவம் முழுவதும் ஏசி தரும் குளிர்ச்சியை அதற்குச் செலவாகும் மின்சாரத்தால் வகுத்த எண்) 4.50 இருந்தாலே ஐந்து ஸ்டார் என்றிருந்ததை 2022 ஜூலையில் 5.00 ஆக உயர்த்தியதும் சரியான வேலைதான். என் குறை முத்திரையின் அடியில் இருக்கும் கணக்கைப் பற்றியது.

ஐஎஸ்இஇஆர் என்பது நாடு முழுவதற்கும் ஒரே பருவக் கணக்கு: ஆண்டுக்கு 1,600 மணி நேரம், வெளி வெப்பநிலை 24 டிகிரியிலிருந்து 43 டிகிரி வரை. எங்கள் வீட்டில் மார்ச் தொடங்கி அக்டோபர் முடிய இரவுக்கு ஒன்பது மணி நேரம் ஏசி ஓடுகிறது. கூட்டினால் 2,200 மணி நேரத்தை நெருங்கிவிடுகிறது. கடையில் அருகருகே தொங்கிய மூன்று ஸ்டார், ஐந்து ஸ்டார் கருவிகளின் முத்திரைகளில் ஆண்டுச் செலவு முறையே 985 யூனிட், 770 யூனிட் என்றிருந்தது. இந்த 215 யூனிட் வித்தியாசம் எங்கள் வீட்டில் 300ஐத் தொடுமா, அல்லது இரவில் வெளிக்காற்று 30 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடுவதால் அவ்வளவு வராதா என்பதை முத்திரையை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு மாத மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறிவிடும் தமிழ்நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

இதைவிடப் பெரிய குறை ஈரம். ஏசியைச் சோதிக்கும் அறையின் உள்வெப்பநிலை 27 டிகிரி, ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) 19 டிகிரி. அதாவது காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்கும் குறைவு. ஜூன் மாத இரவில் எங்கள் பால்கனிக் கதவைத் திறந்தால் உள்ளே நுழையும் காற்று அப்படிப்பட்டதல்ல. ஒரு லிட்டர் நீரைக் காற்றிலிருந்து பிரிக்க ஏறத்தாழ 0.68 யூனிட் அளவுக்குக் குளிர்ச்சி செலவாகிறது. இந்த வேலையை எந்தக் கருவி எவ்வளவு செய்கிறது என்று முத்திரை சொல்வதே இல்லை. மாறாக, அறைக்குள் இருக்கும் காயிலைப் பெரிதாக்கி, அதன் குளிர்ச்சியைச் சற்றுக் குறைத்து, கம்ப்ரசரை மெதுவாக ஓடவிட்டால் ஸ்டார் ஏறும். ஆனால் காயில் போதிய அளவு குளிராததால் ஈரம் அறையிலேயே தங்கிவிடும்.

பழைய கருவி நிற்பதற்கு முன் ஓர் இரவு அதன் தண்ணீர்க் குழாயின் கீழ் வாளி வைத்து அளந்தேன். எட்டு மணி நேரத்தில் ஏழு லிட்டர். மேல் வீட்டில் புதிதாக மாட்டிய ஐந்து ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசியின் கீழே அதே இரவு வைத்த வாளியில் நான்கு லிட்டர்கூடச் சேரவில்லை. இரண்டு அறைகளும் ஒன்றல்ல, ஓர் இரவு அளவு ஆய்வாகாது என்பதை அறிவேன். ஆனால் மேல் வீட்டு அம்மா, 24இல் வைத்தால் உடம்பு பிசுபிசுக்கிறது என்று 21க்கு இறக்கிவிடுகிறார். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்பது உங்கள் பணியகமே சொல்லிவரும் கணக்கு. அப்படியானால் மூன்று டிகிரி இறக்கியதில் அவர் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய ஸ்டார்களில் எத்தனை மிஞ்சும்?

2007இல் வெளிவந்த உங்கள் எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு இந்தியாவை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கிறது. சென்னை அதில் வெப்பமும் ஈரமும் மிகுந்த மண்டலத்தில் வருகிறது. சுவருக்கும் சன்னலுக்கும் பார்க்கும் மண்டலத்தை, அந்தச் சுவரில் மாட்டும் ஏசிக்கு ஏன் பார்க்கக் கூடாது? ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசி முத்திரையில் சூடேற்றும் திறன் மூன்று தட்பவெப்பங்களுக்குத் தனித்தனியாக, சிறு வரைபடத்தோடு அச்சாகிறது. சென்னை, தூத்துக்குடி, கொச்சி, விசாகப்பட்டினம் என்று கடலோரத்தில் வாழும் எங்களுக்கு முத்திரையில் இரண்டு எண்கள் கூடுதலாகப் போதும்: ஈரமண்டலத்தில் நூறு மணி நேரத்துக்கு எத்தனை யூனிட் செலவு, அறையை 24 டிகிரியில் வைத்திருக்கும்போது மணிக்கு எத்தனை லிட்டர் நீரைக் கருவி வெளியேற்றும்.

காயில் உப்புக்காற்றை எத்தனை ஆண்டு தாங்கும் என்று கேட்டால் கடைக்காரர்கள் பூச்சின் நிறத்தைத்தான் சொல்கிறார்கள். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இப்போதைக்கு மூன்று ஸ்டார் கருவி ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். தண்ணீர்க் குழாயின் கீழ் வாளி தயாராக இருக்கிறது. முதல் மாத அளவுகளைத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
திருவான்மியூர் நுகர்வோர் ஒருவர்