ஆட்டத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த திங்கட்கிழமை விளையாட்டுப் பக்கத்தில், சென்னையில் நடந்த ஓபன் சதுரங்கப் போட்டி பற்றி நான்கு வரிச் செய்தி வந்திருந்தது. 1800 ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) உள்ளவர் 1490 ரேட்டிங் உள்ள சிறுமியிடம் 'அதிர்ச்சித் தோல்வி' அடைந்தார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சிறுமி என் பேத்தி.

யாருக்கு அதிர்ச்சி? நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ரேட்டிங்கில் 310 வித்தியாசம் இருக்கும்போது நூறு ஆட்டம் ஆடினால், கீழே இருப்பவருக்குச் சுமார் 14 புள்ளி (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை) கிடைக்க வேண்டும் என்பதே உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் அட்டவணைக் கணக்கு. அந்தப் பதினான்கும் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒருவர் உட்கார்ந்து ஆடித்தான் எடுக்க வேண்டும். வளரும் பிள்ளைகளின் ரேட்டிங் அவர்களுடைய ஆட்டத்துக்குப் பின்னாலேயே நடந்து வரும் என்பதும் போட்டிக்கூடங்களில் எல்லோருக்கும் தெரியும்.

நான்கு மணி நேரம் நடந்த ஆட்டம் அது. யானைகளை வெட்டிக்கொண்ட பின் அவளிடம் ராஜாவும் இரண்டு சிப்பாய்களும், அவரிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும் மிஞ்சின. அவசரப்பட்டுச் சிப்பாயைத் தள்ளியிருந்தால் டிரா. அவள் தள்ளவில்லை. ராஜாவை ஒரு கட்டம் பின்னுக்கு இழுத்து, சுற்றிக்கொண்டு வந்து, அதே நிலையில் நகர்த்த வேண்டிய முறையை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். அவருக்கு நல்ல நகர்த்தல் ஒன்றுகூட இல்லை. பதினொரு வயதில் அந்தப் பொறுமை! தோற்றவரும் பெரிய மனிதர். ஆட்டம் முடிந்ததும் அவளோடு உட்கார்ந்து காய்களை மறுபடி அடுக்கி, எங்கே தவறினேன் என்று பார்த்தார். 'அதிர்ச்சி' என்ற ஒரு சொல்லில் இருவரின் உழைப்பும் காணாமல் போய்விட்டது.

1962-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக சாம்பியன் பட்டத்துக்கான தகுதிப் போட்டியில், இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான நம் மானுவல் ஆரோன் கடைசி இடத்தில் முடித்தார். அதே போட்டியில் கிராண்ட்மாஸ்டர்களான போர்டிஷையும் ஊல்மனையும் வென்றார். ஃபிடே ரேட்டிங் முறையை ஏற்காத காலம் அது. அந்த வெற்றிகளை நான் இன்றும் காய் அடுக்கிப் பார்க்க முடிவது, யாரோ நகர்த்தல்களை அச்சிட்டு வைத்ததால்தான்.

இத்தனை கிராண்ட்மாஸ்டர்களைத் தந்த ஊர் சென்னை. வாரம் ஒரு முறையாவது உள்ளூர் ஆட்டம் ஒன்றை, ஒரு கட்டப்படத்தோடு வெளியிடுங்கள். சிறு விளம்பரம் ஒன்றின் இடம் போதும். பேத்தி தன் கையால் எழுதிய நகர்த்தல் தாளின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
பெரம்பூர், சென்னை.