ரஸ்க்கின் வாயும் உன் மண்ணீரலும்

அன்புள்ள கயல்,

ரஸ்க் உன் கன்னத்தை நக்குகிற வீடியோவை அப்பா தெருவில் எல்லோரிடமும் காட்டி முடித்துவிட்டார். எனக்கும் அந்த நாய்க்குட்டியைப் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் வீடியோவுக்குக் கீழே "நாய் வாய் நம்ம வாயை விட சுத்தம்மா" என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

நாய் வாய் ஒரு தனி ஊர். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் நாய்களின் வாயில் 353 வகை பாக்டீரியாக்களைக் கணக்கெடுத்தார்கள். அதில் மனித வாயிலும் குடியிருப்பவை சுமார் ஆறில் ஒரு பங்குதான். நாய் எச்சிலில் காரத்தன்மை அதிகம் என்பதால் அதற்குச் சொத்தைப்பல் அபூர்வம். ஆனால் பல்லில் காரை சீக்கிரம் படியும், ஈறு வீங்கும். ரஸ்க்குக்கு வாய் நாறுகிறது என்றாயே, பெரும்பாலும் அதனால்தான் இருக்கும். கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடு.

நாய் நக்கினால் புண் ஆறும் என்று உன் பாட்டி சொல்வார். நாய் எச்சில் சில கிருமிகளை ஓரளவு கொல்வதைச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள், உண்மைதான். தாய் நாய்க்கும் குட்டிகளுக்கும் அது உதவலாம். உன் புண்ணை அதனிடம் காட்டாதே.

நான் வேலை பார்க்கிற லேபில் நாய்க்கடிச் சீழ் வந்தால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியாவைத்தான். கடித்த ஒரு நாளுக்குள்ளேயே இடம் சிவந்து வீங்கி வலியெடுக்கும். கிருமி வளர்க்கிற, ஆட்டு ரத்தம் கலந்த தட்டில் அந்தச் சீழை ராத்திரி போட்டால் காலையில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளியாக நிற்கும். பக்கத்திலேயே வைத்த மெக்கான்கி தட்டு, அதாவது குடல் கிருமிகள் நன்றாக வளர்கிற தட்டு, வெறுமையாக இருக்கும். அதைப் பார்த்ததும் பாதி விஷயம் புரிந்துவிடும். மருந்துக்கடைக்காரர் நீட்டுகிற செஃபாலெக்சின் என்ற ஆன்டிபயாடிக் இதற்குச் சரியாகக் கேட்காது. மருத்துவர்கள் வழக்கமாக எழுதுவது அமாக்ஸிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மாத்திரை.

நான் பயப்படுவது இன்னொன்றுக்கு. பெயர் நீளம்: கேப்னோசைட்டோஃபேகா கேனிமோர்சஸ். 1976இல்தான் முதன்முதலில் ஒரு நோயாளியிடம் கண்டுபிடித்தார்கள். 1989 வரை அதற்குச் சரியான பெயர்கூட இல்லை, டிஎஃப்-2 என்றே குறித்துவந்தார்கள். நல்ல ஆரோக்கியமான நாய்கள் நிறையவற்றின் வாயில் இது சாதாரணமாக இருக்கும். இதை வளர்ப்பது பெரிய பொறுமைச் சோதனை. கரியமில வாயு கூடுதலாக வேண்டும். எங்கள் லேபில் அதற்கு மெழுகுவர்த்தி ஜாடிதான்: தட்டுகளை அடுக்கி, மேலே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, மூடி விளிம்பில் வாசலின் தடவி அழுத்தி மூடிவிடுவோம். சுடர் தானாக அணைந்ததும் ஜாடியை இன்குபேட்டரில் வைப்போம். அப்படியும் இது கண்ணுக்குத் தெரிய நாள் கணக்கில் ஆகும். அவசரப்படுகிறவர்கள் இரண்டாம் நாளே "வளர்ச்சி இல்லை" என்று எழுதித் தட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

நோயாளிக்கு அவ்வளவு நாள் கிடையாது. கடிபட்டு பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாளில் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று தொடங்கும். கடிவாய் அப்போது ஒன்றுமில்லாதது போலக்கூட இருக்கலாம். அப்புறம் தோலில் ஊதா நிறத் திட்டுகள், ரத்த அழுத்தம் சரிவு, விரல் நுனிகளில் ரத்தம் உறைந்து அழுகல். நோய் முற்றியவர்களில் பத்துக்கு மூன்று பேர் வரை இறக்கிறார்கள். 2018இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் நன்றாக இருந்த ஒருவர் இதனால் கைகளையும் கால்களையும் இழந்தார். நாய் நக்கியதில் தொற்றியிருக்கும் என்றார்கள். அது அபூர்வத்திலும் அபூர்வம். நல்ல உடம்புக்காரர்களை நாய் ஆயிரம் முறை நக்கினாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை.

ஆனால் உனக்கு மண்ணீரல் இல்லை. எட்டாம் வகுப்பில் சைக்கிளோடு விழுந்து அது கிழிந்ததில் எடுக்க வேண்டியதாகிவிட்டது. ரத்தத்துக்குள் நுழைகிற பாக்டீரியாவை வடிகட்டிப் பிடிப்பதில் பெரிய பங்கு அதற்குத்தான். மண்ணீரல் இல்லாதவர்கள், கல்லீரல் கெட்டவர்கள், அதிகம் குடிக்கிறவர்கள் என்று இந்தக் கிருமி தேடிப் பிடிக்கிற ஆட்களில் நீ முதல் வரிசை.

நாயை விட்டுவிடு என்று சொல்ல மாட்டேன். சொன்னாலும் நீ கேட்கப் போவதில்லை. முகத்தையும் கீறல், புண் இருக்கிற கையையும் நக்க விடாதே. பல் பட்டு ரத்தம் வந்தால், விளையாட்டுக்குக் கடித்திருந்தாலும், குழாயைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவு. அன்றைக்கே மருத்துவரிடம் போ. காய்ச்சல் வரட்டும் பார்க்கலாம் என்று இருக்காதே. உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியமே "எனக்கு மண்ணீரல் எடுத்திருக்கிறார்கள்" என்று இருக்கட்டும். நாய் கடித்த கதை இரண்டாவது. ரேபிஸ் வேறு கணக்கு, அது வைரஸ். ரஸ்க்குக்கு ஊசி போட்டிருக்கிறது என்று நீயாக முடிவு செய்யாதே, உனக்கு ஊசி வேண்டுமா என்று மருத்துவர் சொல்லட்டும். புண்ணில் நாய் நக்கினால்கூட அதைக் கடி மாதிரிதான் எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம், மண்ணீரல் இல்லாதவர்களுக்கான நிமோகாக்கல், மெனிஞ்சோகாக்கல் ஊசிகள். மறு தவணை எப்போது என்று இந்த வாரமே கேள். அவை நாய்க் கிருமிக்கு இல்லை, ஆனாலும் உனக்கு வேண்டும். போட்டதும் சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. அப்பாவுக்கு அனுப்பாதே, அதையும் தெருவில் காட்டுவார்.

அம்மா