யோசிப்பதும் உன் வேலைதான், மகள்

அன்பு மருமகளுக்கு,

போன வியாழன் நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் இருந்தபடியே எனக்குப் போன் எடுத்தாயே, அது இன்னும் காதுக்குள்ளேயே நிற்கிறது. பஸ் இரைச்சலில் பாதிதான் கேட்டது, அந்தப் பாதியே போதுமாக இருந்தது. "மாமி, யோசிக்கிற வேலை டொக்டர்மாருக்காம், நாங்க ஓடரைச் செய்தாப் போதுமாம்" என்று வாட்டில் மூத்த ஒருவர் எல்லாருக்கும் முன்னால் உன்னைப் பார்த்துச் சொன்னதாகச் சொன்னாய். அழுதுவிடுவாய் போல இருந்தது உன் குரல். அன்றைக்கு நான் "சரி மகள், வீட்ட போய்ப் படு" என்றதோடு விட்டுவிட்டேன், ஏனென்றால் அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இப்போது எழுதுகிறேன். எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன், உன்னைப் போல இந்த வருடம் வாட்டுக்குள் கால் வைத்த பிள்ளைகள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் யாரோ இதையே சொல்லியிருப்பார்கள்.

அந்தப் பேச்சு பிழை, மகள். கோபத்தில் சொன்னாலும் பிழை, அனுபவத்தில் சொன்னாலும் பிழை.

ரவுண்ட் வரும் டொக்டர் ஒரு கட்டிலருகே நிற்பது சில நிமிடங்கள். மிச்ச நேரமெல்லாம் அந்தக் கட்டிலைச் சுற்றி நடப்பது நீ. காலையில் கதிரையில் இருந்து இடியப்பம் சாப்பிட்ட அம்மா பின்னேரம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறா என்றால், அது நோயாளியின் குறிப்பு எழுதும் டிக்கெட்டில் எழுதியிருக்காது. உன் கண்ணில்தான் இருக்கும். அந்தக் கண் கண்டதை மூளைக்கு அனுப்பாதே என்று சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை. கிரிட்டிகல் திங்கிங் என்று பயிற்சிக் கல்லூரியில் ஒரு பாடமாகப் படித்திருப்பாய், சோதனைக்கு விடையும் எழுதியிருப்பாய். வாட்டில் அது அப்படிப் பெரிய பெயரோடு வராது. "இது ஏன் இப்படி இருக்கு?" என்ற ஒரு கேள்வியாகத்தான் வரும், அதுவும் நீ நாலு வேலையோடு ஓடிக்கொண்டிருக்கும்போது வரும்.

நான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்ட ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்கும் இதை நான் சொன்னதில்லை.

வேலைக்கு வந்து மூன்றாவது வருடம். மாரி காலம், வாட் நிரம்பி வழிந்தது, நிலத்திலும் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். டெங்குக் காய்ச்சலோடு ஒரு பொடியன், பதினாறு பதினேழு வயது இருக்கும். நான்காம் நாள் பின்னேரம் காய்ச்சல் விட்டது. தாய்க்கு அவ்வளவு சந்தோஷம், மாமாங்கப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தது பலித்துவிட்டது என்று என் கையைப் பிடித்துச் சொன்னா, நாளைக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவார்களா என்று கேட்டா. நானும் சிரித்துக்கொண்டே சூடு 98.4 என்று குறித்தேன், நாடி 112 என்று எழுதினேன், பிரஷர் 100/80 என்று எழுதினேன், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். மூன்றையும் என் கையாலேயே எழுதினேன். மூன்றில் ஒன்றைக்கூட நான் வாசிக்கவில்லை.

இப்போது நீ வாசித்துப் பார். காய்ச்சல் விட்டால் நாடி இறங்க வேண்டும். இவனுக்கு ஏன் 112? பிரஷரில் மேல் இலக்கம் 100 இருக்கிறதே என்று மனம் ஆறிவிடும், ஆனால் மேலுக்கும் கீழுக்கும் இடைவெளி வெறும் 20. டெங்கில் காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் இரத்தக் குழாய்களில் இருந்து நீர் கசியத் தொடங்கும், அந்த ஆபத்தான கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீளும். உள்ளே நீர் குறையக் குறைய உடம்பு குழாய்களை இறுக்கிப் பிடித்து மேல் இலக்கத்தை விழாமல் தாங்கும், அப்படி இறுக்கும்போது கீழ் இலக்கம் ஏறும், இடைவெளி ஒடுங்கும். இளம் பிள்ளைகளின் உடம்பு கடைசி வரைக்கும் தாங்கிக்கொண்டே இருந்துவிட்டு ஒரேயடியாக விழுந்துவிடும். மேல் இலக்கம் விழும் வரை காத்திருந்தால் பிந்திவிட்டோம் என்று அர்த்தம். தாய் நல்ல செய்தி என்று நினைத்த அந்த 98.4தான் எனக்கு எச்சரிக்கையாகப் பட்டிருக்க வேண்டும்.

எனக்குப் பிறகு டியூட்டிக்கு வந்த அக்கா கையளிப்பு எடுக்கும்போது சார்ட்டைப் பார்க்கவில்லை, முதலில் அவனுடைய கையைத் தொட்டுப் பார்த்தா. கை குளிர்ந்திருந்தது. நகத்தை அழுத்தி விட்டா, இரண்டு வினாடிக்குள் திரும்ப வேண்டிய சிவப்பு வர நேரம் எடுத்தது. "இவன் எப்ப சலம் போனவன்?" என்று கேட்டா. எனக்குத் தெரியவில்லை. தாய்க்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகம்: டொக்டர் வந்தார், இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று காட்டும் எச்.சி.ரி. பார்த்தார்கள், ஏறியிருந்தது, சேலைன் கணக்கு மாறியது, பொடியன் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனான். தப்பிவிட்டான். அந்த அக்கா ஒரு வார்த்தை என்னை ஏசவில்லை, அது இன்னும் வலித்தது. 2017இல் நாடு முழுக்க 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தபோது, காய்ச்சல் விட்ட ஒவ்வொரு பிள்ளையின் கையையும் நான் தொட்டுப் பார்த்தது அந்த ஒரு பின்னேரத்தால்தான்.

இன்னொன்றும் இதோடு சேர்த்து நினைவில் வை. காய்ச்சல் உண்மையாகவே விட்டதா, இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலத்துக்கு முன் கொடுத்த பனடோல் பேசுகிறதா? மருந்து கொடுத்த நேரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் சூட்டை மட்டும் பார்த்தால் இலக்கம் பொய் சொல்லும்.

இலக்கம் என்று சொன்னதும் சுவாசக் கணக்கைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, இது எனக்கு மனதைச் சுடுகிற விஷயம். எந்த வாட்டின் சார்ட்டை எடுத்தாலும் எல்லாக் கட்டிலிலும் சுவாசம் 18 அல்லது 20. முப்பது பேர் ஒரே தாளத்தில் மூச்சு விடுவார்களா? மிஷினை மாட்டினால் பிரஷரும் நாடியும் ஒட்சிசனும் தானாக வந்துவிடுகின்றன, மூச்சை மட்டும் ஒரு ஆள் நின்று எண்ண வேண்டியிருக்கிறது, அதனால் எண்ணாமல் எழுதிவிடுகிறோம். ஆனால் ஒருவர் மோசமாகப் போகும்போது பல தடவை முதலில் மாறுவது மூச்சுத்தான். கிருமி இரத்தத்தில் பரவினாலும் ஏறும், சீனி வருத்தக்காரருக்கு இரத்தத்தில் அமிலம் கூடினாலும் ஏறும், நுரையீரலில் நீர் கோத்தாலும் ஏறும். ஒட்சிசன் 97 என்று மிஷின் காட்டிக்கொண்டே இருக்கும், அந்த 97ஐப் பிடித்து வைக்க அந்த மனிதர் நிமிடத்துக்கு 28 தடவை இழுத்துக்கொண்டிருப்பார். நாடி பிடிப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார், நீ மூச்சை எண்ணுகிறாய் என்று அவருக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் மூச்சு மாறிவிடும். முழு ஒரு நிமிடம் எண்ணு. கையில் நேரம் இல்லை என்று சொல்வாய், எனக்குத் தெரியும். யாருக்கு எண்ண வேண்டும் என்று தெரிவதும் யோசனைதான். புதிதாக வந்தவர், ஒப்பரேஷன் முடிந்தவர், "அந்தரமாக் கிடக்கு" என்று சொன்னவர், இவர்களுக்காவது எண்ணு.

அந்தச் சொல்லை ஒருநாளும் தட்டிவிடாதே. எங்கள் ஊர்ச் சனம் நெஞ்சு நோகிறது என்று புத்தகத்தில் இருக்கிறபடி வந்து சொல்லாது. "ஏதோ செய்யுது மகள்", "அந்தரமாக் கிடக்கு", "காத்துப் புடிச்ச மாதிரி" என்றுதான் சொல்லும். சீனி வருத்தம் உள்ள வயதான அம்மாமாருக்கு நெஞ்சு நோவே இல்லாமல் மாரடைப்பு வரும், வெறும் வியர்வையும் சத்தியும் களைப்புமாக. அம்பாறைப் பக்கம் வாட்டில் சிங்களம் பேசுகிற அம்மா ஒருத்தியும் இருப்பா, உன் சிங்களம் பத்தாது என்றால் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து கேள், முகத்தைப் பார்த்து ஊகித்துவிட்டுப் போகாதே.

மற்றது, முதலில் காதில் விழுகிற பெயர். ஒரு ஆளுக்கு வாசலிலேயே ஒரு பெயர் வைத்துவிடுவார்கள், குடிகாரன், கேஸ்ட்ரிக், சும்மா பயந்தது என்று. அந்தப் பெயர் கட்டில் வரைக்கும் கூடவே வரும். ஒருநாள் இரவு சாராயம் மணக்க மணக்க ஒருவரைக் கொண்டுவந்தார்கள், வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிக்கொண்டு, கையை வீசிக்கொண்டு. "வெறி முறியட்டும், படுக்க விடுங்க" என்றார் கொண்டுவந்தவர். அவருடைய சேர்ட் தொப்பலாக நனைந்திருந்தது, வெளியிலோ குளிர் காற்று. விரலைக் குத்திப் பார்த்தோம், சீனி 41, மிகவும் குறைவு. சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறவர், பகல் முழுக்கச் சாப்பிடவில்லை, அதோடு குடித்தும் இருக்கிறார், வெறும் வயிற்றில் சாராயமே சீனியை இறக்கும். சாராயம் மணத்தது உண்மைதான். ஆனால் ஒரு ஆளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு காரணம் இருக்கலாம், முதல் காரணம் கிடைத்ததும் நாங்கள் தேடுவதை நிறுத்திவிடுகிறோம், அங்கேதான் ஆள் கைவிட்டுப் போகிறது.

இதே கணக்குத்தான் காலை இன்சுலினுக்கும். ஓடர் இருக்கிறது, நேரம் வந்துவிட்டது, ஊசி கையில் இருக்கிறது. ஆனால் அந்த ஐயா ஸ்கேனுக்காக வெறும் வயிற்றோடு இருக்கிறார் என்றால்? நோன்பு பிடித்திருக்கிறார் என்றால், சஷ்டி விரதம் என்றால், இரவு முழுக்கச் சத்தி எடுத்தவர் என்றால்? ஓடர் எழுதியபோது டொக்டருக்கு இது தெரிந்திருக்காது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுச் சீனியைப் பார், கேட்டுவிட்டுக் கொடு. ஓடரை மீறச் சொல்லவில்லை மகள், அந்த ஓடர் எழுதப்பட்ட நிலைமை இப்போதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். சலம் வரவில்லை என்று எழுதுவதற்கு முன் ரியூப் எங்காவது தொடைக்குக் கீழே மடிந்து கிடக்கிறதா என்று துணியைத் தூக்கிப் பார்ப்பதும் இதே குணம்தான்.

பாம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், எங்கள் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு இது கட்டாயம். படுவான்கரைப் பக்கம் வயல் வட்டையில் காவலுக்குப் போன ஒருவர் விடியச்சாமம் வயிற்றுக்குத்து என்று வந்தார். கடி இல்லை, வீக்கம் இல்லை, பாம்பை அவர் காணவும் இல்லை. கேஸ்ட்ரிக் என்று மருந்தும் கொடுத்தாயிற்று. என்னோடு வேலை செய்த ஒரு பிள்ளை, அப்போது உன்னைவிட ஒரு வருடம்தான் மூப்பு, "ராத்திரி எங்க படுத்த நீங்க?" என்று கேட்டாள். "வாடியிலதான் மிஸ், நிலத்துல." அவள் உடனே அவருடைய கண்ணைப் பார்த்தாள். நித்திரைக் கலக்கம் போல இமை கொஞ்சம் இறங்கியிருந்தது. தலையை அசைக்காமல் மேலே பார்க்கச் சொன்னாள், அவரால் பிடித்து வைக்க முடியவில்லை, இமை தானாக விழுந்தது. கட்டு விரியன் நித்திரையில் கிடக்கிறவரைக் கடித்தால் நோவும் தெரியாது, அடையாளமும் பெரும்பாலும் இருக்காது, வயிற்றுக்குத்துத்தான் முதலில் வரும், அதற்குப் பிறகு இமை, தொண்டை, கடைசியில் மூச்சு. மூச்சு நிற்பதற்கு முன்னாலேயே அவருக்கு எல்லாம் தயாராக இருந்தது, ஒரு பிள்ளை எங்கே படுத்தீர்கள் என்று கேட்டதால். கண்ணாடி விரியன் கடிக்கு இரத்தம் உறைகிறதா என்று 20 நிமிடம் வைத்துப் பார்க்கிறோமே, அதிலும் இதையே சொல்வேன்: போத்தல் கண்ணாடியா, காய்ந்ததா, சவர்க்காரம் போட்டுக் கழுவியதா என்று பார். சவர்க்காரம் பட்ட போத்தலிலோ பிளாஸ்டிக்கிலோ நல்ல இரத்தமும் உறையாமல் நிற்கும், அதை நம்பித் தேவையில்லாமல் விஷமுறிவு ஊசி ஏற்றினால் அந்த ஊசியே ஆளைக் கவிழ்க்கும்.

சரி, யோசித்தாய், கண்டுபிடித்தாய், அதைச் சொல்ல வேண்டுமே. நீ பயப்படுவது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தெரியும், இரவு இரண்டு மணிக்கு வாட்டின் இளம் டொக்டரான எச்.ஓ.வை எழுப்பி ஏச்சு வாங்கியதையும் சொன்னாய். "டொக்டர், அந்த பெட் ஆறு ஒரு மாதிரியா இருக்கிறார்" என்றால் நித்திரையில் இருக்கிறவருக்கு எதுவும் விளங்காது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பழகி, பிறகு ஆஸ்பத்திரிகளுக்கு வந்த ஒரு முறை இருக்கிறது, நடப்பதைச் சொல், பின்னணியைச் சொல், நீ நினைப்பதைச் சொல், வேண்டியதைக் கேள். "டொக்டர், ஆறாம் கட்டில், டெங்கு ஐந்தாம் நாள், பிரஷர் 100/82, நாடி 118, கை குளிர்ந்திருக்கு. பின்னேரம் காய்ச்சல் விட்டது, நாலு மணித்தியாலமாச் சலம் போகல்ல. நீர் கசியத் தொடங்கிட்டு எண்டு நினைக்கிறன். இப்பவே வந்து பாருங்க." இவ்வளவுதான். "நினைக்கிறன்" என்ற சொல்லை விழுங்கிவிடாதே, உன் யோசனை முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. வரவில்லை என்றால் திரும்ப எடு, அதற்கு மேலே இருப்பவருக்கு எடு, எடுத்த நேரத்தை டிக்கெட்டில் எழுது. வந்து பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றால் நல்லது, ஒருவர் நன்றாக இருக்கிறார். ஏன் ஒன்றும் இல்லை என்று அவரிடமே கேள், நல்ல டொக்டர்மார் சொல்லித் தருவார்கள், நான் படித்ததில் பாதி அப்படிக் கேட்டுப் படித்தது.

உன்னை ஏசிய அந்த மூத்தவரோடு சண்டைக்குப் போகாதே. அவவும் ஒருநாள் கேள்வி கேட்டு ஏச்சு வாங்கியிருப்பா, ஆள் பற்றாமல் இரவும் பகலுமாக இழுபட்டுக் களைத்திருப்பா. அவவின் கை வேலையைப் பார்த்துப் படி, சேலைன் ஏற்ற நாளத்தில் கானியுலா போடுவதை அவவைப் போல யாரும் போடமாட்டார்கள் என்று நீயே சொன்னாய்.

உன் கையில் கட்டியிருக்கிற மணிக்கூட்டை அன்றைக்குப் பார்த்தேன், வடிவாக இருக்கிறது, ஆனால் அதில் வினாடி முள் இல்லை. நான் பதினைந்து வருடம் சட்டையில் குத்தியிருந்த மணிக்கூடு அலுமாரிக்குள் சும்மா கிடந்தது, பற்றரி மாற்றி வைத்திருக்கிறேன். அண்ணன் சனிக்கிழமை கல்முனைப் பக்கம் வருவதாகச் சொன்னார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன், ஊசி கொஞ்சம் இறுக்கம், பார்த்துக் குத்து.

அன்புடன்,
மாமி